பிடியரிசி குடித்த படங்கள்

எங்க ஊர்ல தொண்ணூத்தேழு பேருக்குத் தாங்களே போகாத ஒரு பயணம் ஞாபகத்துக்கு வந்தது எட்டாம் நோன்பு அன்னிக்கு, மஃரிபு பாங்கு சொல்லி முடிச்ச கையோட, கஞ்சி முதல் மடக்கு தொண்டையில இறங்கும்போது. இதை நான்தான் சொல்லணும், ஏன்னா அரிசி என் லாட்ஜ்லேருந்து போன அரிசி, இப்ப ஆளாளுக்கு ஒரு கதை கட்டிக்கிட்டுத் திரியறாங்க, ஊர் வாயை மூட உலைமூடி இல்ல.

என் பேரு மஹ்மூதா. ஊர்ல மம்மூதா லாத்தா, லாத்தான்னா எங்க ஜனங்க பேச்சுல அக்கா. வாயாடின்னும் சொல்வாங்க, அது பேரு இல்ல, பொறாமை. என் வீட்டுக்காரர் ஜித்தாவுல டிரைவர், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. மிச்ச நாளுக்கு எனக்கு நூர் லாட்ஜ் இருக்கு, நாலு ரூம், ரெண்டு பாத்ரூம், முத்தத்துல ஒரு வாதாம் மரம். எங்க கீழமுனைப்பட்டினத்துக்கு வரணும்னா ராமநாதபுரத்துல பஸ் ஏறித் தூங்கிடலாம், கடல் வாடை மூக்குல ஏறும்போது முழிச்சா போதும், அதுக்கு மேல ரோடு கிடையாது.

ஏழாம் நோன்பு சாயங்காலம், வடைக்கு மாவு கரைச்சு வச்சுட்டு நான் வாசலுக்கு வந்தா, ஒரு ஆணும் ஒரு பொண்ணும் இடுப்பு வரைக்கும் நனைஞ்சு நிக்கிறாங்க, அவருக்கு அம்பது இருக்கும், அவளுக்கு நாலஞ்சு குறைவு, அவ கையில சோப்பு டப்பா அளவுக்கு வெள்ளியில ஒரு கேமரா, அதோட சந்துபொந்தெல்லாம் கடல் தண்ணி ஒழுகுது.

"அக்கா, ரூம் இருக்கா? அது கிடக்கட்டும், முதல்ல கொஞ்சம் அரிசி இருக்கா?"ன்னு கேட்டா அவ.

"ரூம் இருக்கு. நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது அரிசி கேட்டு வந்தவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்"னு சொல்லிட்டு ரெண்டு துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். அவ பேரு செண்பகவல்லி, கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். அவரு ஞானதுரை, அதே பக்கம் தபால்காரர். கல்யாணம் ஆகி பதினோரு நாள். ரயில்ல ராமேஸ்வரம் போயிட்டு, தனுஷ்கோடி பார்த்துட்டு, எங்க ஊர் முனையில ரெண்டு பக்கமும் கடல் தெரியும்னு யாரோ சொல்ல, அதையும் பார்த்துடலாம்னு வந்திருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி படம் எடுக்க ஆள் இல்ல, அதனால கேமராவைக் கல்லு மேல வச்சு பத்து செகண்டு குடுத்து, ஞானதுரை ஓடி வந்து பக்கத்துல நிப்பாராம். எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஓடினாராம். எங்க ஊர்லயும் ஓடினாரு, எட்டு செகண்டுக்குள்ள ஒரு அலை வந்து கேமராவை இறக்கிக்கிட்டுப் போயிடுச்சு, ரெண்டு பேரும் பின்னாடியே பாய்ஞ்சு பிடிச்சிருக்காங்க.

"எங்க பள்ளிக்கூடத்துல டீச்சர்மார் போனெல்லாம் தண்ணியில விழுந்தா என் அரிசி மூட்டையிலதான் உசிர் பிழைக்கும்"னா செண்பகவல்லி.

"என்ன அரிசி?"

"புழுங்கல்."

"அது தோது இல்ல. புழுங்கல் ஏற்கெனவே தண்ணி குடிச்சு அடங்கின அரிசி. பச்சரிசிதான் தாகத்தோட இருக்கும்"னேன் நான். தெரிஞ்ச மாதிரி பேசறதுல என்னை யாரும் மிஞ்ச முடியாது.

ஆனா என் அடுப்படியிலயும் அன்னிக்குப் பச்சரிசி தீர்ந்து புழுங்கல்தான். பச்சரிசி இருந்தது ஒரே இடத்துல. எங்க தெருவுல எந்த வீட்டுல உலை வச்சாலும், அரிசி களையறதுக்கு முன்னாடி ஒரு பிடி பச்சரிசியைத் தனியா எடுத்து வைப்போம், இல்லாதவங்களுக்குன்னு. அதுக்குப் பேரு பிடியரிசி. தெரு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய நீல டின், அது என் லாட்ஜ் வரவேற்பு மேசைக்குக் கீழே நிக்கும், நோன்பு மாசத்துல அந்த அரிசிதான் பள்ளிவாசல் கஞ்சிக்குப் போகும். அந்த டின்னைத் திறந்து கேமராவைக் கழுத்தளவு புதைச்சு வச்சேன். "படம் பிடிச்ச பொட்டி பிடியரிசிக்குள்ள. பேர்ப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு"ன்னாரு ஞானதுரை. சிரிச்சோம். செண்பகவல்லி மட்டும் சிரிக்கல, டின் மூடி மேல கையை வச்சிக்கிட்டே நின்னா.

நோன்பு திறந்து, கஞ்சியும் வடையும் அவங்களுக்கும் வச்சப்பதான் சொன்னா. அவளுக்கு அம்மா அஞ்சு வயசுல போயிட்டாங்க. அண்ணன் சங்கரபாண்டியன்தான் வளர்த்தது, சோறு பிசைஞ்சு உருட்டி ஊட்டி வளர்த்தது. தங்கச்சி நாப்பத்தாறு வயசுல ஒருத்தரைக் கட்டிக்கிறேன்னு சொன்னதும், அதுவும் வேதக்காரரை, அதான் கிறிஸ்தவரைன்னு சொன்னதும், அண்ணன் வரல. யாரையும் வரவும் விடல. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க பத்திரம் எழுதறவரும் அவரோட ஆட்கள் ரெண்டு பேரும், மூணு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்கல. போன்ல அண்ணன்கிட்ட சொன்னப்ப அவரு கேட்டாராம், "சட்டத்துக்கு மூணு பேர் போதும் தாயீ, ஊருக்கு நாலு பேர் வேணும்லா. உன் கல்யாணத்தைப் பார்த்த நாலாவது ஆள் யாரு?"

"அந்த நாலாவது ஆள் இந்தக் கேமராதான்க்கா. வெளியே வந்து வேப்பமரத்தடியில மாலை மாத்திக்கிட்டோம், அதுல ஒரே ஒரு படம் விழுந்துச்சு. அதைப் பெருசா கழுவி ஃப்ரேம் போட்டு அண்ணன் கையில கொடுத்துடுவேன். பார்த்துட்டார்னா பார்த்ததுதானே. பார்க்கலன்னு அப்புறம் எப்படிச் சொல்வாரு?"

"காலையில சரியாயிடும், போய்ப் படு"ன்னேன். சரியாயிடும்னுதான் நான் நினைச்சேன்.

மறுநாள் மத்தியானம், நான் லுஹர் தொழுகையில இருக்கும்போது கஞ்சி காய்ச்சுற மீராசா காக்கா வந்திருக்காரு. காக்கான்னா எங்க பேச்சுல அண்ணன். செண்பகவல்லிகிட்ட முதல் தடவை காக்கா வந்தாருன்னு சொன்னப்ப அவ வாதாம் மரத்தை அண்ணாந்து பார்த்தா. காக்கா நல்ல மனுஷன், ஒழுங்கான மனுஷன். டின்னைத் திறந்தாரு, கேமராவைப் பார்த்தாரு, எடுத்துத் தோள் துண்டால துடைச்சு மேசை மேல பதனமா வச்சாரு, அரிசியை மட்டும் சாக்குல கொட்டிக்கிட்டுப் போயிட்டாரு. இன்னிக்கும் அவரைக் கேட்டா, "பொட்டியை எடுத்து வச்சுட்டேன்ல. அரிசிக்குள்ள படம் கிடக்குன்னு எவன் கண்டான்"ம்பாரு. அவரு மேல குத்தம் சொல்ல முடியாது. பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் கறியும் போட்டு, தேங்காய்ப் பால் ஊத்தி, ஊருக்கே மணக்க மணக்கக் காய்ச்சினாரு, அஞ்சு மணிக்கெல்லாம் தூக்குவாளியோட வரிசை நின்னுச்சு, எங்க ஜனம் மட்டுமில்ல, மாதா கோயில் தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் சேர்ந்துதான் நிக்கும், எங்க ஊர்ல நோன்பு வைக்கிறது பாதிப் பேர், கஞ்சி குடிக்கிறது எல்லாரும்.

பாங்கு சொன்னாங்க. பேரீச்சம்பழத்தைக் கடிச்சோம், கஞ்சியை வாயில வச்சோம்.

படமா வரல, ஞாபகமா வந்துச்சு. போன மாசம் போன இடம் திடுதிப்புன்னு நினைப்புக்கு வருமே, அந்த மாதிரி, வெயிலோட, வாடையோட, பக்கத்துல யாரோ இருமின சத்தத்தோட. ஜவுளிக் கடை ஹமீது வாழ்நாள்ல ரயில் ஏறினதே இல்ல, பாம்பன் பாலத்துல ஜன்னலோரமா உட்கார்ந்துக்கிட்டு வந்ததைத் தன் பொண்டாட்டிகிட்ட சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, அந்த அம்மா "எந்தச் சிறுக்கியோட போனீங்க"ன்னு கரண்டியைத் தூக்கிட்டாங்க. பாங்கு சொல்ற மோதினாருக்கு ஞானதுரை பஸ்ஸுல வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்கறது வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஞானதுரையைத் தெருவுல பார்க்கும்போதெல்லாம் மோதினார் சிரிப்பை அடக்கத் துண்டால வாயைப் பொத்திக்கிட்டுப் போனாரு. டீக்கடை சவரிமுத்தோட மருமக பிலோமினாவுக்கு ஒரு தட்டு இட்லி வந்துச்சு, வெறும் இட்லி, நாலு, ஓரத்துல சட்னி. ஆனா அது ரொம்ப நல்ல இட்லின்னா.

மறுநாள் காலையில கேமராவைச் செல்போன் ரிப்பேர் பண்ற அசாருதீன்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனோம். அவன் பிரிச்சு, பிரஷ்ஷால துடைச்சு, லென்ஸ் இடுக்குலேருந்து ஒரே ஒரு பச்சரிசியைச் சாமணத்தால எடுத்துப் போட்டான். கேமரா கண்ணைத் திறந்துச்சு. "பொட்டி பிழைச்சிருச்சு லாத்தா. கார்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளே ஒரு படம்கூட இல்ல, கழுவிக் கவுத்த சட்டி மாதிரி இருக்கு"ன்னான். செண்பகவல்லி அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டா, அழக்கூட இல்ல. அப்பதான் பக்கத்துல நின்ன ஹமீது அவளை உத்துப் பார்த்துட்டு, "நீங்க ரயில்ல எனக்கு எதிர் சீட்டுல இருந்தீங்கள்ல? பச்சைச் சேலை, கொய்யாப்பழம் தின்னீங்க"ன்னாரு. அவ எழுந்துட்டா. அந்தப் பச்சைச் சேலையும் கொய்யாப்பழமும் பதினேழாவது படம்.

அதுக்கப்புறம் ஊர் அதை எப்படி ஏத்துக்கிச்சுங்கிறதைச் சொல்லணும். யாரும் மலைச்சுப் போயி நிக்கல, நோன்பு மாசத்துல யாருக்கு அதுக்கு நேரம். மார்க்கம் படிச்ச ஆலிம்சாகிட்ட போய்க் கேட்டாங்க, அவரு யோசிச்சு, "இதனால நோன்பு முறியாது. ஆனா அது அடுத்தவங்க வீட்டு விஷயம், பார்வையைத் தாழ்த்திக்கணும்"னாரு. ஞாபகத்துல இருக்கிறதை எப்படிப் பார்வையைத் தாழ்த்திக்கிறது, கண்ணை மூடினா இன்னும் நல்லா தெரியுதேன்னு ரெண்டு பேர் திரும்பக் கேட்டாங்க, அதுக்கு அவரு, "அப்ப கண்ணைத் திறந்தே வச்சிக்கங்க"ன்னாரு. படம் கிடைச்சவங்க நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தாங்க. கிடைக்காதவங்க மறுநாள் ரெண்டு தூக்குவாளியோட வரிசையில முந்தினாங்க, ஆனா அது வேற தெரு அரிசி, வெறும் கஞ்சிதான் இருந்துச்சு. நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டி, யார்கிட்ட என்ன படம்னு எழுதச் சொன்னாங்க, ஞானதுரை தபால்காரர்ல, தாளைப் பார்த்து வீடு வீடா ஏறி இறங்கி, "உங்களுக்கு ஒண்ணு வந்திருக்காமே"ன்னு கேட்டு வாங்கிக் குறிச்சுக்கிட்டாரு. "முப்பது வருஷமா கொண்டுபோய்க் கொடுத்த கை, இப்பதான் வாங்குது"ன்னாரு. செண்பகவல்லியை எல்லாருக்கும் முன்னமே தெரிஞ்சிருந்துச்சு. அந்த அம்மா ஐஸ் சாப்பிட்டா முழங்கை வரைக்கும் ஒழுகவிடுவாங்கன்னு மீன் விக்கிற செல்லக்கிளிக்குத் தெரியும். மாத்திரை போட மறந்துடுவாங்கன்னு ஹமீது பொண்டாட்டிக்கே தெரியும். தெருவுல நடந்தா நாலு பேரு நிறுத்தி, "அன்னிக்குச் செருப்பு அறுந்துச்சே, தைச்சீங்களா"ன்னு கேப்பாங்க. சொந்த ஊர்ல ஒருத்தரும் பேசாம இருந்தவ, இங்கே அஞ்சு நிமிஷ வழியை அரை மணி நேரம் நடந்தா. முகம் தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு.

இன்னொண்ணும் தெரிய வந்துச்சு. பிலோமினா தன் ரெண்டு வயசுப் புள்ளைக்குப் பருப்புச் சோறு உப்புப் போட்டுப் பிசைஞ்சு ஊட்டியிருக்கா, அந்தப் புள்ளை வாயில முதல் பிடி போனதும் "இத்லி, இத்லி"ன்னு கையைத் தட்டியிருக்கு, இவளுக்கு இட்லி மறந்தே போச்சு. "என் கைப்பிடியோட போயிடுச்சு லாத்தா, இவ வயித்துக்குள்ள இருக்கு"ன்னு வந்து நின்னா. அப்ப சரி, உப்புப் போட்ட சோறு ஒரு பிடி கையால ஊட்டினா படம் கை மாறிடும், கொடுத்தவங்களுக்கு இருக்காது. அதுக்கப்புறம் நோன்பு திறந்ததும் ஊர்ல ஆளுக்கு ஆள் ஊட்டிக்கிட்டாங்க. பாலத்துக்குத் தனுஷ்கோடி, தனுஷ்கோடிக்குக் கொய்யாப்பழம். மருமகளுக்குத் தண்ணி மொண்டு கொடுக்காத ஒரு மாமியா ஐஸ்கிரீமுக்கு ஆசைப்பட்டு அவ முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

பன்னிரண்டாம் நோன்புக்குள்ள தொண்ணூத்தாறு படம் தாள்ல ஏறிடுச்சு. மாலை மாத்தின படம் மட்டும் இல்ல. செண்பகவல்லி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு கேட்டா, "வேப்பமரம் வந்துச்சாங்க? மாலை வந்துச்சாங்க?" ரிஜிஸ்தர் ஆபீஸ் பெயர்ப் பலகை ஒருத்தருக்கு வந்திருந்துச்சு, சாட்சி கையெழுத்துப் போட்டவரோட வழுக்கைத் தலை ஒருத்தருக்கு வந்திருந்துச்சு, மாலை வரல. "மிச்சமெல்லாம் ஊரே வச்சிக்கட்டும்க்கா, அது ஒண்ணு போதும். யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா அவங்க காலைப் பிடிச்சாவது அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன், அவங்க வாயால சொல்லட்டும், நான் பார்த்தேன்னு"ன்னா. "உங்களுக்கு என்ன வந்துச்சு"ன்னு என்னையும் கேட்டா. நான் சொன்னேன், "எனக்கு எங்கே வரும், அன்னிக்கு வடை சுட்டுக்கிட்டு இருந்தேன், கஞ்சி ஆறி அவலாப் போயிடுச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். அது என்கிட்டதான் இருந்துச்சு, முதல் நாள்லேருந்தே. வயிறு நோன்பு வச்சிருந்துச்சு, வாய் வைக்கல.

ஏன் மறைச்சேன்னா, எனக்குப் பொறாமை. வேற பேரு வச்சு ஏமாத்த விரும்பல. எனக்கு நிக்காஹ் ஆனப்ப பத்தொம்பது வயசு. எங்க வழக்கத்துல மாப்பிள்ளை பள்ளிவாசல்ல இருப்பாரு, பொண்ணு வீட்டுக்குள்ள இருப்பா. மூணு பேர் வந்து சம்மதமான்னு கேட்டாங்க, தலையை ஆட்டினேன், போயிட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அங்கேருந்து துஆ ஓதுற சத்தம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு, எங்க மாமி வந்து கழுத்துல கருகமணியைக் கட்டிவிட்டு, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு"ன்னு சொன்னாங்க. அது எங்க முறை, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, நல்ல மாப்பிள்ளை, நல்ல வாழ்க்கை. ஆனா முன்னூறு பேர் பார்த்த என் கல்யாணத்தை நான் பார்க்கல, ஒருத்தர்கூட பார்க்காத கல்யாணத்தை இவ கண்ணு நிறையப் பார்த்திருக்கா. அந்தப் படம் வந்த நாளா நான் தனியா இருக்கும்போது கண்ணை மூடினா வேப்பமரத்தடியில போய் நின்னுடுவேன். வெயில் அடிக்கும். ஒரு கல்யாணம் என் கண்ணு முன்னாடி நடக்கும். அதை விட எனக்கு மனசு வரல.

பதிமூணாம் நோன்பு, அவங்க பையைக் கட்டிட்டாங்க. லீவு முடிஞ்சு போச்சு. சாயங்காலம் நான் வடை மாவு கரைக்கிறேன், செண்பகவல்லி பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் அரியறா. "கிடைக்கலன்னா போகுது லாத்தா. இந்த ஊருக்கு வந்ததே போதும்"னா. அதுவரைக்கும் அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தவ, அன்னிக்குத்தான் லாத்தான்னா, அவளுக்கே அது தெரியல. எனக்கு மாவு கரைக்கக் கை ஓடல.

"வல்லி, அது என்கிட்டதான் இருக்கு"ன்னு சொல்லிட்டேன்.

அவ வெங்காயத்தை வச்சுட்டு என்னைப் பார்த்தா. நான் ஏன் மறைச்சேன்னும் சொன்னேன், கருகமணிக் கதையையும் சொன்னேன், எல்லாம் சொல்லி முடிச்சு, திட்டுவான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவ கேட்டது வேற.

"அது எப்படி இருக்கு லாத்தா? அதைச் சொல்லுங்க."

சொன்னேன். இப்ப உங்ககிட்ட சொல்றதும் அன்னிக்கு அவகிட்ட சொன்ன அதே சொல்லுதான், படம் கைவிட்டுப் போனாலும் சொன்ன சொல் வாயில நிக்குது. வேப்பமரம், கீழே பூ கொட்டிக் கிடக்கு. ஸ்கூட்டர் சீட்டு மேலேருந்து பார்க்கிறேன். பின்னாடி ஒருத்தர் முதுகைக் காட்டிக்கிட்டு டீ குடிக்கிறாரு. ஞானதுரை ஓடி வர்றாரு, ஒரு செருப்பு வழியிலயே கிடக்கு, மாலையைப் போடறாரா வீசறாரான்னு தெரியல. இவ அதைப் பார்த்துச் சிரிக்கிறா, வாயைப் பொத்தாம, கடைவாய்ப் பல்லு தெரிய. மாலை வலது தோள் பக்கம் சரிஞ்சு தொங்குது. "அதைச் சரி பண்ணி விடணும்னு ஆறு நாளா என் கை பரபரக்குது"ன்னேன்.

அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. வெங்காயம்னு நான் நினைச்சுக்கிட்டேன், ரெண்டு பேருக்கும் அது சௌகரியமா இருந்துச்சு.

பாங்கு சொன்னாங்க. நோன்பைத் திறந்துட்டு, சோத்துல ரசத்தை ஊத்தி, ஒரு கல்லு உப்பைக் கூடப் போட்டுப் பிசைஞ்சு, ஒரு பிடி எடுத்து அவ வாய்கிட்ட கொண்டு போனேன். அவ என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தினா.

"கொடுத்துட்டா உங்களுக்கு இருக்காதே லாத்தா."

"எனக்கு எதுக்கு. உன் கல்யாணம், உன்கிட்ட இருக்கட்டும்."

"எனக்கும்தான் எதுக்கு? நான்தான் அங்கேயே இருந்தேனே"ன்னு அவ சொன்னா, சொல்லிட்டு அவளே யோசிச்சா, அவ முகத்துல யோசனை ஓடறது விளக்கு வெளிச்சத்துல தெரிஞ்சுச்சு. "வராதவருக்குத்தான் இது வேணும். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன். அண்ணன் எனக்கு ஊட்டின கை இருக்கே, அதுக்கு நான் ஒரே ஒரு பிடி திருப்பி ஊட்டுறேன்."

வாயைத் திறந்தா. ஊட்டினேன். என் வேப்பமரம் போச்சு. போன இடம் ஒரு பல்லு விழுந்த இடம் மாதிரி இருந்துச்சு, நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்துச்சு. அவ மென்னு முழுங்கிட்டுச் சிரிச்சா, வாயைப் பொத்தாம, கடைவாய்ப் பல்லு தெரிய. சிரிப்பு இதுதான்னு எனக்குச் சொல்லால தெரிஞ்சுச்சு.

மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்டுல பாதி ஊர் நின்னுச்சு. ஞானதுரை வழக்கம்போல கேமராவை டீக்கடை பெஞ்சு மேல வச்சு, பத்து செகண்டு குடுக்கப் போனாரு. மீராசா காக்கா அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "இத்தனை பேர் நிக்கிறோம், நீங்க ஏன் ஓடணும்?" அப்புறம் யாரு அமுக்குறதுன்னு சண்டை. ஹமீது நான்தான் பழைய சிநேகிதன், ரயில்லயே பழக்கம்னாரு. செல்லக்கிளி மீன் கூடையைக் கீழே வச்சுட்டுக் கையைச் சேலையில துடைச்சா. டிரைவர் ஹாரனை அடிச்சுப் பார்த்துட்டு, அவரும் இறங்கி வந்து வரிசையில நின்னாரு. கடைசியில முப்பத்தாறு பேர் அமுக்கினோம், முப்பத்தாறு படம், எல்லாத்துலயும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி நிக்கிறாங்க, ஒண்ணுலயும் அவருக்கு மூச்சு வாங்கல.

பஸ் போனதும் நான் லாட்ஜுக்கு வந்து ஜித்தாவுக்குப் போன் போட்டேன். "நம்ம நிக்காஹ் அன்னிக்குப் பள்ளியில என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னேன். அவரு திகைச்சுப் போய், "முப்பத்திரண்டு வருஷமா நீ கேக்கவே இல்லையே புள்ள"ன்னாரு. வண்டியை ஓரமா நிறுத்திட்டு முக்கால் மணி நேரம் சொன்னாரு. தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஆடிச்சாம், விழுந்துடுமோன்னு பார்த்துக்கிட்டே கபூல், ஏத்துக்கிட்டேன்னு சொன்னாராம். கையெழுத்துப் போடப் பேனா எழுதலையாம், எங்க வாப்பா தன் பையிலேருந்த பேனாவை எடுத்துக் கொடுத்து, அதைத் திருப்பி வாங்கவே இல்லையாம். அந்தப் பேனா இன்னமும் அவரு பெட்டியில இருக்காம். எனக்கு இது எதுவும் தெரியாது. கேட்டுட்டு நான் ரொம்ப நேரம் சந்தோஷமா உட்கார்ந்திருந்தேன்.

பதினேழாம் நோன்பு அன்னிக்கு மத்தியானம் செண்பகவல்லி கூப்பிட்டா. குரல்லேருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியல.

"என்னாச்சு, சாப்பிட்டாரா?"

"வீட்டுக்குப் போனேன் லாத்தா. இவரு வெளிக்கதவுகிட்டயே நின்னுக்கிட்டாரு. அண்ணன் சாய்வு நாற்காலியில பேப்பர் படிக்கிறாரு, நிமிரல. நான் நேரா அடுப்படிக்குப் போனேன், சோறு இருந்துச்சு, உப்புப் போட்டுப் பிசைஞ்சேன், வந்து பேப்பரைக் கீழே இறக்கிட்டு, வாய்கிட்ட ஒரு பிடி கொண்டு போனேன். வாயை இறுக்க மூடிக்கிட்டாரு. நான் சின்ன வயசுல அப்படித்தான் மூடிக்குவேன். அவரு அப்ப சொல்வாரே, 'காக்கா வருது, திற'ன்னு, அதைச் சொன்னேன். மனுஷன் தன்னால வாயைத் திறந்துட்டாரு."

"அப்புறம்?"

"மென்னாரு. பாதியில நிறுத்திட்டாரு. எதையோ பார்க்கிற மாதிரி என்னையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாரு. எனக்கு அந்தப் படம் போயிடுச்சு, அவரு என்ன பார்க்கிறார்னு எனக்குத் தெரியல. அப்புறம் எழுந்தாரு. கிட்ட வந்து, என் வலது தோள்கிட்ட ரெண்டு கையையும் கொண்டு வந்து, இல்லாத மாலையைப் பிடிச்சு, நேரா இழுத்து விட்டாரு லாத்தா."

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டே மிச்சத்தையும் சொன்னா.

"இழுத்து விட்டுட்டு வாசலைப் பார்த்துச் சொல்றாரு, 'ஒரு மாலையை ஒழுங்காப் போடத் தெரியாத அந்த ஆளை உள்ளே வரச் சொல்லு தாயீ, வெயில்ல நிக்காரு'ன்னு."